இப்ப என்ன வாசிக்கிறீங்க?



ஒக்டோபர் வந்தால் பாடசாலைகளில் வாசிப்பு மாதம். பதாகை கட்டுவோம். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி எல்லாம் வைப்போம். கட்டுரைகளில் முக்கால்வாசி பேக்கனின் அதே ஒரு வரியில்தான் தொடங்கும். (பேக்கனை அந்தப் பிள்ளைகள் வாசித்ததில்லை. நானும் வாசித்ததில்லை.) முதலில் இறங்கிய வஹியே ஓதச் சொல்லித்தான் இறங்கியது என்று ஒரு பிள்ளை பேச்சைத் தொடங்கும், நாங்கள் மாஷா அல்லாஹ் சொல்லுவோம். மாதம் முடிந்ததும் பதாகையைச் சுருட்டி வைத்துவிடுவோம். அந்த முப்பத்தொரு நாளில் ஒரு பிள்ளைக்கு ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து, இருபது நிமிடம் சும்மா இருந்து வாசி என்று விட்டோமா என்றால், இல்லை. இதைப் பத்து வருடத்துக்கு மேலாகச் செய்தவர்களில் நானும் ஒருவன்.

போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன். அந்தப் பிள்ளையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், பேரும் வகுப்பும் சொல்ல மாட்டேன்.

வாசிப்புக் குறிப்பேடு என்று ஒன்று கொடுத்திருந்தோம். வாசித்த புத்தகத்தின் பேர், ஆசிரியர், பிடித்த விடயம் என்று மூன்று நிரல். ஒரு மகள் பன்னிரண்டு புத்தகம் எழுதியிருந்தாள். எனக்குச் சந்தோசம். காலைக் கூட்டத்தில் அவளுடைய பேரைச் சொல்லிப் பாராட்டவும் நினைத்தேன். இரவு கொப்பியைத் திரும்பப் புரட்டும்போதுதான் ஏதோ இடித்தது. அந்தப் பன்னிரண்டு பேரும் எனக்குத் தெரிந்த ஒரு வரிசையில் இருந்தன. எங்கள் நூலக அறையில் இருக்கும் கண்ணாடி அலுமாரியின் இரண்டாவது தட்டு, இடமிருந்து வலம்.

அடுத்த நாள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். ஏசவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு, "அலுமாரி பூட்டித்தானே சேர் இருக்கி. கண்ணாடியால பாத்து எழுதின" என்றாள்.

அந்த அலுமாரியின் திறப்பு என்னுடைய மேசை லாச்சிக்குள்தான் கிடந்தது.

ஏன் பூட்டி வைத்தேன் என்று ஆசிரியர்மாருக்கு விளக்கத் தேவையில்லை. வருட முடிவில் இருப்புக் கணக்கெடுப்பு வரும். ஒரு புத்தகம் குறைந்தால் பொறுப்பாக இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். ஆகவே கணக்கு சரியாக இருந்தது, புத்தகங்களும் புத்தம் புதிதாக இருந்தன.

சரி, வீட்டில் உண்மையாக என்ன வாசிக்கிறாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. உம்மாவிடம் சொல்ல மாட்டேன் என்று வாக்கு வாங்கிய பிறகுதான் சொன்னாள், ராத்தாவின் ரமணிசந்திரன் நாவல்கள். உம்மா பகலில் கண்ணயரும் நேரத்தில் முப்பது, நாற்பது பக்கம். ஒரு கதையைச் சொல்லு பார்ப்போம் என்றேன். மணி அடிக்கும் வரைக்கும் நிறுத்தவே இல்லை. யாருக்கு யார் மேல் கோபம், அந்தக் கோபம் ஏன் நியாயமில்லை, அந்த இடத்தில் அவள் வாய் திறந்து பேசியிருந்தால் கதை எப்படி மாறியிருக்கும், எல்லாம் சொன்னாள். என்னுடைய தமிழ்ப் பாடத்தில் இப்படி ஒரு விமர்சனம் எந்தப் பிள்ளையும் சொன்னதில்லை. குறிப்பேட்டில் அவள் எழுதியிருந்ததோ பன்னிரண்டு புத்தகத்துக்கும் ஒரே வசனம்: நல்ல கருத்துகள் உள்ளன.

அன்றைக்கு வெட்கப்பட்டது அவளில்லை. அந்தக் கிழமைதான் காலைக் கூட்டத்தில் ஒரு தடித்த வரலாற்றுப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, எல்லாரும் வாசிக்க வேண்டும் என்று பேசியிருந்தேன். அதில் நான் வாசித்தது அறுபது பக்கம்.

அதிலிருந்துதான் எனக்கு இந்த எண்ணம். எங்கட ஊரில் வாசிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். வாசிக்கிறதை வெளியில் சொல்லத்தான் கூச்சம். கேட்டால், வாசிக்க வேண்டிய புத்தகத்தின் பேரைச் சொல்லுவோம், தலையணைக்குப் பக்கத்தில் கிடப்பதைச் சொல்ல மாட்டோம்.

சோதித்துப் பார்க்கப் பழைய மாணவர்களின் வட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். முடித்தது வேண்டாம், முடிக்க நினைத்திருப்பதும் வேண்டாம், இப்ப நடுவில் நிற்பதை மட்டும் சொல்லுங்கள் என்றேன். குர்ஆன் ஓதுவது வேறு கணக்கு, அதை இங்கே எழுதத் தேவையில்லை என்றும் சொன்னேன். முதல் ஒரு மணித்தியாலம் கனமான பேர்களாக வந்தன. பிறகு நானே என்னுடைய உண்மையை எழுதினேன்: பஷீரின் 'பாத்துமாவின் ஆடு', நான்காவது தடவை, சும்மா சிரிப்பதற்காக. அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது.

கட்டாரில் இருக்கும் ஒரு தம்பி எழுதினார், இரவு வேலை முடிந்து கட்டிலில் படுத்துக்கொண்டு ஃபோனில் சித்திலெவ்வையின் 'அசன்பே சரித்திரம்' வாசிக்கிறாராம். 1885இல் வந்த நாவல். ஓ/எல் காலத்தில் பரீட்சைக்காகப் பேரையும் ஆண்டையும் பாடமாக்கினாராம், அதற்குள் எகிப்துப் பிள்ளை ஒருவனின் கதை இருப்பது இப்பதான் தெரியுமாம். நான் கற்பித்த பிள்ளைதான் அது, அந்த ஆண்டைப் பாடமாக்க வைத்ததும் நான்தான். ஆட்டோ ஓட்டும் ஒரு காக்கா, ஹயர் இல்லாத நேரத்தில் மருதூர்க்கொத்தனின் கதைகளை வாசிக்கிறார். "எங்கட மூத்தம்மா கதைக்கிற மாதிரியே இருக்கி சேர், இதெல்லாம் புத்தகத்தில வருமா?" என்று கேட்டிருந்தார். பழைய ஈழத்துப் புத்தகங்கள், சஞ்சிகைகள் ஆயிரக்கணக்கில் நூலகம் இணையத்தளத்தில் கிடக்கின்றன. 2005இலிருந்து சேர்த்து வைத்திருக்கிறார்கள், காசு கேட்பதில்லை. அந்த இணைப்பைப் போட்டதும் குரூப்பில் பாதிப் பேர் அப்படி ஒன்று இருப்பதே இப்பதான் தெரியும் என்றார்கள்.

பெண்கள் ஒருவரும் குரூப்பில் எழுதவில்லை. ஆனால் அன்றிரவு இன்பொக்ஸில் நான்கு பேர் வந்தார்கள். நான்கு பேரும் கடைசியில் எழுதியது ஒரே விடயம்: பேர் போட்டுறாதீங்க சேர். ஒருவர் மூன்று பிள்ளைகளின் தாய், தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி'யைப் பிள்ளைகள் தூங்கிய பிறகு வாசிக்கிறார். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. "வீட்டுல வேல இல்லயா எண்டு கேப்பாங்க" என்றார்.

இரண்டு மறுப்புகள் வரும், தெரியும். ஒன்று, ஓ/எல் எடுக்கிற பிள்ளைக்குக் கதைப் புத்தகம் எதற்கு? தமிழ் விடைத்தாள் திருத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், வாசிக்கிற பிள்ளையின் கட்டுரை இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

மற்றது கொஞ்சம் பாரமானது. கண்ட கண்ட நாவலையெல்லாம் பிள்ளை வாசிக்கலாமா? இது பெற்றோரின் நியாயமான கவலை, எனக்கும் மகள் இருக்கிறாள். எல்லாப் புத்தகமும் எல்லா வயதுக்கும் இல்லைதான். ஆனால் என்ன வாசிக்கிறாள் என்று தெரிந்தால்தானே அதைப் பற்றிப் பேசலாம், அடுத்ததாக இதைப் பார் என்று ஒன்றைக் கையில் கொடுக்கலாம்? மெத்தைக்கு அடியில் இருக்கும் புத்தகத்தைப் பற்றி எந்த உம்மாவும் பிள்ளையுடன் பேச முடியாது. அந்த மகளுக்கு நான் ரமணிசந்திரனை விடச் சொல்லவில்லை. பஷீரைக் கொடுத்தேன். மூன்று நாளில் திருப்பித் தந்து, இதே ஆள் எழுதின வேற இருக்கா சேர் என்று கேட்டாள்.

இப்போது அலுமாரி பூட்டுவதில்லை. கரும்பலகையின் வலது மூலையில் ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். விரும்பிய பிள்ளை தான் இப்ப வாசிப்பதன் பேரை எழுதலாம். புள்ளி இல்லை, பரிசு இல்லை, நானும் எழுத வேண்டும். ஏழு புத்தகம் இன்னும் திரும்பி வரவில்லை. ஒன்று மழையில் நனைந்து வீங்கிப்போய் வந்தது. கணக்கெடுப்பு வந்தால் என்ன செய்வது என்று அதிபர் கேட்டார். என்னுடைய பேரில் எழுதுங்கள் என்றேன். அவர் சிரித்தார். எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

இந்தக் கிழமை நான் கட்டத்தில் எழுதியிருப்பது 'கிராமப் பிறழ்வு'. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய'வைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் எங்கட எம்.எம். உவைஸ்தான். தெற்கில் ஒரு சிங்களக் குடும்பம் மெல்ல மெல்ல நொடிந்து போகிற கதை. அந்தப் பெரிய வீட்டை வாசிக்கும்போது எங்கட ஊரில் நான் சின்ன வயதில் பார்த்த இரண்டு, மூன்று வீடுகள் கண்ணுக்குள் வருகின்றன. பாதிதான் முடித்திருக்கிறேன், முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.

இப்ப நீங்கள் சொல்லுங்கள். பட்டியல் வேண்டாம், ஒன்று போதும், எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். சமையல் புத்தகம் என்றாலும் பரவாயில்லை. ராத்தாமார் இன்பொக்ஸுக்கு வந்தாலும் சரிதான், ஆனால் இந்த முறை ஒருவராவது கீழே பேரோடு எழுதினால் எனக்குச் சந்தோசம்.