கைராசின்னு ஒண்ணு கிடையாதுங்க

"உனக்கு செடி வைக்கிற கைராசி இல்லப்பா, விடு." போன்ல அம்மாச்சி இப்படித்தான் சொன்னாங்க. திட்டலை, ஆறுதலாத்தான் சொன்னாங்க. அதனாலயே ரொம்ப வலிச்சுது.

தலைப்பைப் பாத்து ஏதோ பகுத்தறிவுப் பதிவுன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். இது ஃபெர்ன் பத்தின பதிவு. பள்ளிக்கூடப் புத்தகத்துல 'பெரணி'ன்னு படிச்சிருப்போம், ஈழத்து நண்பர்கள் 'பன்னம்'னு சொல்வாங்க. பூக்காது, காய்க்காது, ஒரு பிரயோஜனமும் இல்லாம அழகா மட்டும் இருக்கும். (நம்ம டீம்லயும் அப்படி ஒருத்தர் இருப்பார், அது வேற மேட்டர் :-))

லால்குடி பக்கம் அம்மாச்சி வீட்டுக் கொல்லையில ஒரு செங்கல் கிணறு உண்டு. சுண்ணாம்புக் காரை வச்சுக் கட்டின பழைய கிணறு. எட்டிப் பாத்தா உள் சுவர் முழுக்க கறுப்புக் கம்பி மாதிரி காம்பும், கொத்தமல்லி மாதிரி இலையுமா தொங்கும். அட்யாண்டம் வகை ஃபெர்ன். தண்ணி இறைக்கும்போது வாளியில இருந்து சிந்துற துளி பட்டு அந்த இலையெல்லாம் ஆடும். என் சின்ன வயசு கோடை லீவுன்னா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது அதுதான். போர் போட்டதுக்கப்புறம் கிணத்தை யாரும் தொடலை. 2021ல குழந்தைங்க ஓடியாடுற இடம்னு காங்கிரீட் பலகை போட்டு மூடிட்டாங்க. மூடுறதுக்கு முந்தின நாள் மாமா கயிறு கட்டி இறங்கி, ஒரே ஒரு கொத்தைக் காரையோட பெயர்த்து எடுத்துக் குடுத்தார். ஈரத் துணியில சுத்தி மடியில வச்சுகிட்டே சென்னைக்குக் கொண்டு வந்தேன்.

நாலே மாசம். செத்துப் போச்சு.

எப்படிச் செத்ததுன்னு கொஞ்சம் விலாவாரியா சொல்லணும், ஏன்னா நிறைய பேர் வீட்டுல இதேதான் நடக்குது. முதல்ல இலை நுனி பழுப்பாச்சு. தண்ணி பத்தலைன்னு நினைச்சு அதிகமா ஊத்தினேன். இன்னும் பழுப்பாச்சு. இன்னும் ஊத்தினேன். கடைசியில கறுப்புக் காம்பு மட்டும் பழைய துடைப்பம் மாதிரி நின்னுச்சு. அதுக்கப்புறம் நர்சரியில 150 ரூபாய்க்கு ஒரு பாஸ்டன் ஃபெர்ன் வாங்கினேன். அதுக்கும் அதே கதி. அப்பத்தான் அந்த கைராசி டயலாக்.

நானும் ஒத்துகிட்டேன். ஒரு வருஷம் செடிப் பக்கமே போகலை.

அப்புறம் ஒரு நாள், கார் பார்க்கிங்ல பைக் எடுக்கும்போது எங்க அபார்ட்மெண்ட்டோட பின்பக்கச் சுவரைப் பாத்தேன். இரண்டாவது மாடி ஏ.சி பைப்ல இருந்து தண்ணி சொட்டிச் சொட்டி சுவர்ல ஒரு பச்சைக் கோடு. அந்தக் கோட்டுல, ஓட்டை விழுந்த சிமெண்ட்டுல, கைக்குட்டை அகலத்துக்கு ஒரு ஃபெர்ன். யாரும் நடலை, உரம் போடலை, 'கண்ணு, ராஜா'ன்னு பேசலை. பக்கத்துல ரெண்டடி தள்ளி ஒண்ணும் கிடையாது. சொட்டுற இடத்துல மட்டும் ஜம்முனு நிக்குது.

யாரோட கைராசி இது?

அன்னிக்குத்தான் மண்டையில உறைச்சுது. மேலே ரெண்டாவது மாடியில அந்தத் தண்ணியை விடுறவருக்குத் தான் ஒரு செடி வளர்க்கிறோம்னே தெரியாது. ஆபீஸ்ல புரொடக்‌ஷன்ல ஒரு பிரச்சினைன்னா 'ராசி இல்லை'ன்னு மெயில் போடுவோமா? ரூட் காஸ் என்னன்னு தோண்டுவோம். இங்க நிஜமாவே ரூட்தான் காஸ் :-)

300 ரூபாய்க்கு பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ் மீட்டர் வாங்கினேன். தண்ணியில கரைஞ்சிருக்கிற உப்பை தோராயமா சொல்லும். எங்க போர் தண்ணி 900. ஆர்.ஓ-வில இருந்து வர்ற குடிதண்ணி 60. ஆர்.ஓ வெளியே தள்ளுற கழிவுத் தண்ணி 1300. ஏ.சி-யில இருந்து சொட்டுற தண்ணி 20.

நான் செடிக்கு ஊத்தினது எதுன்னு நினைக்கிறீங்க? அந்த 1300தான். தண்ணியை வீணாக்கக் கூடாதுன்னு ஆர்.ஓ கழிவை பக்கெட்ல பிடிச்சு, பெருமையா, தினமும் ஊத்தினேன். ஆர்.ஓ உப்பை அழிக்கிறதில்லை. நல்ல தண்ணியை ஒரு பக்கம் அனுப்பிட்டு, உப்பை மொத்தமா மிச்சத் தண்ணியில சேர்த்து வெளியே தள்ளுது. 3 லிட்டர் உள்ளே போய் 1 லிட்டர் குடிக்க வந்தா, 3 லிட்டரோட உப்பு கிட்டத்தட்ட முழுசும் அந்த 2 லிட்டர்ல இருக்கும். தொட்டியில ஊத்தினா தண்ணி ஆவியாகிப் போகும், உப்பு போகாது. நாளுக்கு நாள் மண்ணுல உப்பு ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல மண்ணு ஈரமா இருந்தும் வேரால தண்ணியை இழுக்க முடியாது. இழுத்துட்டுப் போன உப்பும் இலையோட கடைசி எல்லையில, அதாவது நுனியில தேங்கிக் கருக்கும். நுனி கருகுறதைப் பாத்து தாகம்னு நினைச்சு அதே தண்ணியை இன்னும் ஊத்தினேன். நோயையே மருந்தா குடுத்திருக்கேன், நாலு மாசமா.

'கிணத்துச் சுவர்ல சுண்ணாம்புலதானே வளர்ந்துச்சு, உப்புத் தண்ணி என்ன செஞ்சிடும்?'னு நானும் கேட்டுகிட்டேன். அந்த வகை ஃபெர்னுக்கு சுண்ணாம்பு பிடிக்கும், நிஜம். ஆனா சுண்ணாம்பு வேற, சோடியம் உப்பு வேற. அதோட கிணத்துல தண்ணி கசிஞ்சு வழிஞ்சுகிட்டே இருக்கும், எதுவும் தேங்காது. பிளாஸ்டிக் தொட்டியில, அடியில தட்டு வச்சு, வடிஞ்ச தண்ணியையும் திரும்பக் குடிக்க வச்ச புண்ணியவான் நான்.

இரண்டாவது குற்றவாளி ஏ.சி. சென்னைக் காத்துல ஈரத்துக்கு என்ன குறைச்சல்? சட்டை காயவே ஒரு யுகம் ஆகுது. ஃபெர்னுக்கு இந்த ஊர்க் காத்து ரொம்பவே பிடிக்கும். ஆனா நான் வச்சது பெட்ரூம்ல, நேரா ஏ.சி காத்து படுற இடத்துல. அந்த ரூம்ல இருந்து பிடுங்கின ஈரம்தான் ராத்திரியெல்லாம் பைப் வழியா வெளியே சொட்டி, சுவர்ல யாரும் கேக்காத ஒரு ஃபெர்னை வளர்த்துகிட்டு இருந்திருக்கு. உள்ளே நான் காசு குடுத்து வாங்கினது செத்துகிட்டு இருந்துச்சு.

இந்தக் கதை எனக்கு மட்டும் நடந்ததில்லை. லண்டன்ல நாதனியேல் வார்டுன்னு ஒரு டாக்டர் இருந்தார். ஃபெர்ன் மேல பைத்தியம். வீட்டுப் பின்னாடி சுவர்ல வளர்த்துப் பாத்து எல்லாமே செத்துப் போச்சு. 1829ல ஒரு அந்துப்பூச்சிக் கூட்டுப்புழுவை ஈர மண்ணோட பாட்டில்ல போட்டு மூடி வச்சிருந்தார். மண்ணுல தானாவே ஒரு புல்லும் ஒரு ஃபெர்னும் முளைச்சுது! வெளியே இருந்த நிலக்கரிப் புகை உள்ளே வரலை, உள்ளே இருந்த ஈரம் வெளியே போகலை. அவ்வளவுதான் விஷயம். வெளியே செத்ததும் பாட்டில்ல பிழைச்சதும் ஒரே மனுஷன்கிட்டதான். அதுல இருந்து வந்த கண்ணாடிப் பெட்டிகள்லதான் பிற்பாடு செடிகள் உயிரோட கடல் தாண்டிப் போச்சு.

சரி, என் கோபம் யார் மேலன்னா, 'கைராசி'ங்கிற வார்த்தை மேல. அந்த வார்த்தையால லாபம் விக்கிறவங்களுக்குத்தான். 'ஈஸி மெயின்டனன்ஸ், காத்தைச் சுத்தம் பண்ணும்'னு சொல்லி விப்பாங்க. செத்தா அவங்க பொறுப்பில்லை, நம்ம கைராசி. அடுத்து இன்னொண்ணு வாங்குவோம்.

காத்தைச் சுத்தம் பண்றதுங்கிற கதையும் பாதிதான் உண்மை. 1989ல நாசா ஒரு ஆய்வு வெளியிட்டது. சின்ன, காத்துப் புகாத பெட்டிக்குள்ள செடிகளை வச்சு சோதிச்சாங்க. அந்தப் பெட்டிக்குள்ள காத்துல இருந்த சில ரசாயனங்கள் குறைஞ்சது நிஜம். ஆனா நம்ம வீடு மூடின பெட்டி இல்லையே. டிரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019ல பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டாங்க. சாதாரணமா கட்டடத்துல நடக்குற காத்தோட்டம் செய்யுற வேலையைச் செடிகள் செய்யணும்னா ஒரு சதுர மீட்டருக்கு 10ல இருந்து 1000 செடி வேணுமாம். 10க்கு 10 ரூம் சுமார் 9 சதுர மீட்டர். குறைஞ்சபட்சக் கணக்குக்கே 90 தொட்டி. நாம எங்க படுக்கிறது? ஜன்னலைத் திறங்க, போதும்.

அடுத்தது ஸ்பிரே. 'தினமும் ரெண்டு தடவை ஸ்பிரே பண்ணுங்க'ன்னு எல்லாரும் சொல்றாங்க. அதனால ஏறுற ஈரம் சில நிமிஷத்துல காணாம போயிடும். அதுவும் உப்புத் தண்ணின்னா இலை மேல வெள்ளைத் திட்டுதான் மிச்சம். நாலைஞ்சு செடியைப் பக்கத்துல பக்கத்துல வைக்கிறது, ஏ.சி காத்துல இருந்து தள்ளி வைக்கிறது, இதெல்லாம் அதைவிட உருப்படியான வேலை.

இன்னொண்ணு. இலைக்கு அடியில பழுப்புப் புள்ளி பாத்ததும் பூச்சின்னு மருந்தடிக்கிற கொடுமை. எங்க எதிர் வீட்டு அங்கிள் வேப்பெண்ணெயோட வந்துட்டார், கையைப் பிடிச்சு நிறுத்தினேன். ஃபெர்னுக்கு விதை கிடையாது, அந்தப் புள்ளிகள்தான் வித்துப்பைக் கூட்டம். ஒரே இடைவெளியில, வரிசையா, கோலப்புள்ளி மாதிரி இருந்தா கவலை வேண்டாம். தாறுமாறா ஒட்டிகிட்டு, காம்புலயும் இருந்து, நகத்தால சுரண்டினா பெயர்ந்து வந்தா அது செதில்பூச்சி.

இப்ப என்கிட்ட ஒரு பாஸ்டன் ஃபெர்ன் இருக்கு, ஒன்றரை வருஷமா. இருக்கிற இடம் வாஷிங் மெஷின் இருக்கிற யுடிலிட்டி பால்கனி. ஹால்ல வச்சா விருந்தாளிக்கு அழகு, அங்க வச்சா செடிக்கு அழகு. வடக்குப் பாத்த இடம், லைட் போடாம பேப்பர் படிக்கிற வெளிச்சம் வரும், நேர் வெயில் கிடையாது. மண்ணு பாதி, மக்கின உரமும் கழுவின தேங்காய் நாரும் மீதி. (நாரைக் கழுவாம போடாதீங்க, அதுலயும் உப்பு உண்டு.) தண்ணி? ஏ.சி பைப்புக்கு அடியில ஒரு பக்கெட், அந்தத் தண்ணிதான். ஏ.சி சர்வீஸ் பண்ற அன்னிக்கு மட்டும் கெமிக்கல் கலந்திருக்கும்னு கீழே கொட்டிடுவேன். அந்தத் தண்ணியில சத்து எதுவும் கிடையாதுங்கிறதால, மாசம் ஒரு தடவை திரவ உரம், பாக்கெட்ல போட்டிருக்கிறதுல பாதி அளவு. மழை வந்தா தூக்கி வெளியே வச்சு நல்லா நனைய விட்டா, சேர்ந்த உப்பெல்லாம் வடிஞ்சிடும். மேல் மண்ணைத் தொட்டுப் பாத்து லேசா காய ஆரம்பிச்சா ஊத்துவேன். கேலண்டர் பாத்து இல்லை.

இந்தத் தொட்டுப் பாக்குறதுன்னு சொன்னேன் இல்லையா, அங்கதான் எனக்கு அம்மாச்சி ஞாபகம் வந்துச்சு. அவங்க வச்சதெல்லாம் வளரும். கைராசின்னு ஊரே சொல்லும். யோசிச்சுப் பாத்தா, எந்தத் தொட்டியைத் தாண்டிப் போனாலும் விரலை மண்ணுல ஒரு தடவை அமுக்கிட்டுத்தான் போவாங்க. அரிசி களைஞ்ச தண்ணி எதுக்கு, வெறும் தண்ணி எதுக்குன்னு ஒரு கணக்கு இருக்கும். வெயில் நகர நகரத் தொட்டியும் நகரும். அறுபது வருஷக் கவனிப்பு அது. அதுக்கு டாக்குமெண்டேஷன் கிடையாது, அவ்வளவுதான். அதைப் போய் ராசின்னு சொல்றது அவங்க உழைப்பையும் கேவலப்படுத்துறது, என்னை மாதிரி ஆளுங்களைக் கத்துக்காமலும் பண்றது.

ஒரு வேண்டுகோள். மலைக்குப் போறப்ப ஷோலைக் காட்டுல இருந்து ஃபெர்னைப் பிடுங்கிட்டு வராதீங்க. ரோட்டோரத்துல யாராவது பிடுங்கி வித்தா வாங்காதீங்க. இங்கிலாந்துல பத்தொன்பதாம் நூற்றாண்டுல ஃபெர்ன் சேகரிக்கிறது ஒரு வெறியாவே ஆச்சு, 1855ல சார்லஸ் கிங்ஸ்லி அதுக்கு 'டெரிடோமேனியா'ன்னு பேரே வச்சார். அந்த வெறியில சில அபூர்வ வகைகள் பல இடத்துல துடைச்செடுத்த மாதிரி போயிடுச்சு. மலைக்காட்டுச் செடி நம்ம ஹால்ல எப்படியும் பிழைக்காது. நர்சரியில வளர்த்தது வாங்குங்க. நான் கிணத்துல இருந்து எடுத்தது, நாளைக்கு மூடப்போற கிணறுங்கிறதால. அதையும் காப்பாத்தலைங்கிறது தனிக் கதை.

கடைசியா ஒண்ணு. அடுத்த மாசம் அபார்ட்மெண்ட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறாங்க. பின்பக்கச் சுவரைச் சுரண்டி, ஏ.சி பைப்பையெல்லாம் சாக்கடைக்கு நேரா திருப்பி விடப் போறாங்களாம். செகரட்டரிகிட்ட ஒரு வாரம் டைம் கேட்டிருக்கேன். "அந்தக் களைக்கா சார்?"னு சிரிச்சார், ஆனா சரின்னுட்டார். வர்ற ஞாயித்துக்கிழமை ஏணி வச்சு, சிமெண்ட்டோட சேர்த்துப் பெயர்க்கப் போறேன். மீட்டர் இருக்கு, பக்கெட் இருக்கு.

அம்மாச்சிக்கு இன்னும் சொல்லலை. பிழைச்சா போட்டோ அனுப்பணும்.

டிஸ்கி: ஆர்.ஓ கழிவுத் தண்ணியை என்னதான் பண்றதுன்னு கேப்பீங்க. வீடு துடைங்க, பாத்ரூம் கழுவுங்க. ஃபெர்னுக்கு மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.