210-லிருந்து பார்க்கச் சொல்லும் புண்ணியவான்களுக்கு

கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். படித்துவிட்டு யாருக்காவது கோபம் வந்தால் சரிக்குச் சரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் என் அறை நண்பனிடம் 'டார்க் ஷேடோஸ்' பார்க்கச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பிடித்த பைத்தியம் இது, கல்லூரி முடியப் போகிறது, இன்னும் தெளியவில்லை. பார்த்தே ஆக வேண்டும் என்று அவனை ஒரு வாரம் நச்சரித்தேன். பையன் உஷார். நாலு பேரிடம் விசாரித்திருக்கிறான். நாலு பேரும் ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறார்கள்: "முதல் 209 எபிசோடைத் தூக்கிப் போடு. 210-லிருந்து பார். ரத்தக்காட்டேரி அங்கேதான் வருது."

அவனும் அப்படியே தொடங்கினான். பத்தே நாளில் விட்டுவிட்டான். "யார்டா இந்த வில்லி? அந்த அம்மா ஏன் வீட்டை விட்டு வெளியவே போக மாட்டேங்குது? அந்த டீச்சர் எதுக்கு சும்மா நிக்குது?" என்று கேட்டான். நியாயமான கேள்விகள். பதில் எல்லாமே அவன் தூக்கிப் போட்ட 209-இல் இருக்கிறது.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1966 ஜூன் 27 முதல் 1971 ஏப்ரல் 2 வரை, வாரத்துக்கு ஐந்து நாள், பிற்பகலில் அரை மணி நேரம் ஓடிய தொடர் இது. மொத்தம் 1225 எபிசோடுகள். உருவாக்கியவர் டான் கர்ட்டிஸ். ரயிலில் தனியாகப் போகும் ஒரு பெண்ணைக் கனவில் பார்த்தாராம், அதிலிருந்துதான் கதை பிறந்தது. அந்தப் பெண்ணின் பெயர் விக்டோரியா வின்டர்ஸ். நியூயார்க்கில் ஓர் அனாதை இல்லத்தில் வளர்ந்தவள். பெற்றோர் யார் என்று தெரியாது. யாரோ அவளுக்காக மாதாமாதம் மெய்ன் மாநிலத்திலிருந்து பணம் அனுப்பியிருக்கிறார்கள். அதே மாநிலத்தில் காலின்ஸ்போர்ட் என்ற மீன்பிடி ஊரிலிருந்து திடீரென்று வேலைக்கு அழைப்பு வருகிறது. காலின்வுட் என்ற பெரிய மாளிகையில் டேவிட் என்ற பையனுக்குப் பாடம் சொல்லித்தர வேண்டும். தன்னை ஏன் தேடிப் பிடித்து அழைத்தார்கள்? தான் யார்? இந்தக் கேள்வியோடு அவள் ரயிலேறுகிறாள்.

பழைய வீடு, பூட்டிய அறை, ரகசியம் வைத்திருக்கும் குடும்பம், வெளியிலிருந்து வரும் தனிப் பெண். கோதிக் கதை என்றால் இதுதான். ரத்தக்காட்டேரி அதற்கு மேல் தூவும் கொத்தமல்லித் தழை. நம் ஆட்கள் தழையை வைத்துக்கொண்டு குழம்பைக் கொட்டச் சொல்கிறார்கள்!

அந்தக் குழம்பில் என்னென்ன இருந்தது என்று பார்ப்போம்.

வீட்டுத் தலைவி எலிசபெத். நடித்தவர் ஜோன் பென்னட், 1940களில் ஃப்ரிட்ஸ் லாங் படங்களில் கதாநாயகியாக நடித்த பெரிய நட்சத்திரம். எலிசபெத் 18 வருஷமாக அந்த மாளிகையை விட்டு வெளியே போனதில்லை. நிலவறையில் ஓர் அறை எப்போதும் பூட்டியே கிடக்கிறது. தன் கணவனைக் கொன்றுவிட்டோம், அவன் உடல் அங்கே புதைந்திருக்கிறது என்று நம்பி இத்தனை வருஷம் காவல் காக்கிறாள். 190களில் ஜேசன் மெக்வயர் என்ற ஆள் வந்து இதை வைத்து அவளை மிரட்டத் தொடங்குகிறான். அவனோடு ஒட்டிக்கொண்டு வரும் அடியாள்தான் வில்லி. இந்த வில்லிதான் நகை கிடைக்கும் என்று காலின்ஸ் குடும்பக் கல்லறையில் சவப்பெட்டியைத் திறக்கிறான். உள்ளிருந்து ஒரு கை வந்து அவன் கழுத்தைப் பிடிக்கிறது. 210 முடிகிறது.

கவனியுங்கள். அந்தக் கை வெளியே வருவதற்குக் காரணமே எலிசபெத்தின் பயம்தான். மிரட்டலுக்குப் பணியாமல் இருந்திருந்தால் ஜேசன் அந்த வீட்டில் தங்கியிருக்க மாட்டான், வில்லியும் வந்திருக்க மாட்டான், சவப்பெட்டியும் திறந்திருக்காது. 210-லிருந்து பார்ப்பவனுக்கு அது வெறும் திடுக் காட்சி. முதலிலிருந்து பார்த்தவனுக்கு ஒரு குடும்பம் 18 வருஷமாக மூடி வைத்ததன் விளைவு.

அடுத்தது ஜோசெட். பர்னபாஸ் காலின்ஸ் 170 வருஷமாக மறக்காத காதலி என்று அவளை எல்லோருக்கும் தெரியும். ஆனால் பர்னபாஸ் வருவதற்கு ரொம்ப முன்னாலேயே, 70ஆம் எபிசோடில், பாழடைந்த பழைய வீட்டில் தன் ஓவியத்திலிருந்து இறங்கி வருகிறாள் ஜோசெட்டின் ஆவி. டேவிட்டுக்கு அவள் தோழி மாதிரி. 120களில் வீட்டு வேலையாள் மேத்யூ, விக்டோரியாவைப் பழைய வீட்டில் அடைத்து வைத்துக் கொல்லப் பார்க்கும்போது அவளைக் காப்பாற்றுவதும் ஜோசெட்டும் அவளோடு வரும் ஆவிகளும்தான். அதாவது அந்த வீட்டின் காவல் தெய்வம் அவள். பர்னபாஸ் வந்து பழைய வீட்டைப் பிடித்துக்கொண்டதும் அவள் அங்கிருந்து போய்விட்டாள் என்று டேவிட் உணர்கிற இடம் இருக்கிறதே, எனக்கு அதுதான் தொடரிலேயே பயங்கரமான காட்சி. 210-லிருந்து பார்த்தால் அது ஒரு பையன் ஏதோ உளறுவது போல இருக்கும்.

இன்னொரு விஷயம். 70ஆம் எபிசோடில் ஜோசெட்டின் ஆவியாக வந்தவர் கேத்ரின் லீ ஸ்காட். அவர்தான் உணவகத்தில் வேலை செய்யும் மேகி. பின்னால் பர்னபாஸ் கடத்திக்கொண்டு போய், "நீதான் ஜோசெட்" என்று சித்திரவதை செய்வது இதே மேகியைத்தான். முன்னதைப் பார்த்தவனுக்குப் பின்னது எப்படி உறைக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் விக்டோரியாவும் டேவிட்டும். தொடக்கத்தில் அந்தப் பையனுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. பெற்ற அப்பன் காரில் பிரேக்கைக் கழற்றிவிட்ட பையன் அவன். விக்டோரியாவைப் பாழடைந்த பகுதியில் வைத்துப் பூட்டுகிறான். கொஞ்சம் கொஞ்சமாக அவள் அவனை ஜெயிக்கிறாள். பிறகு அவனுடைய அம்மா லாரா திரும்பி வருகிறாள். அவள் மனுஷியே இல்லை, நெருப்பில் எரிந்து மறுபடி பிறக்கும் பீனிக்ஸ். மகனையும் தன்னோடு நெருப்புக்குள் அழைக்கிறாள். 191ஆம் எபிசோடில் எரிகிற குடிசையில், ஒரு பக்கம் பெற்ற தாய், இன்னொரு பக்கம் சம்பளத்துக்கு வந்த டீச்சர். பையன் டீச்சரிடம் ஓடி வருகிறான். தாய் யாரென்றே தெரியாத ஒருத்தி, தாயிடமிருந்து ஒரு பிள்ளையைக் காப்பாற்றுகிறாள். இதற்கு மேல் ஒரு தொடரில் என்ன ஐயா வேண்டும்?

"ரொம்ப மெதுவா போகுதே" என்பீர்கள். போகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஒரு வெள்ளிப் பேனாவை யார் எங்கே போட்டார்கள் என்று வாரக்கணக்கில் இழுத்தார்கள். எனக்கே கொட்டாவி வந்தது. 1967 தொடக்கத்தில் பார்வையாளர்கள் குறைந்து தொடரே நின்றுவிடும் நிலை வந்தது, பர்னபாஸ்தான் காப்பாற்றினார் என்பதும் உண்மை. ஜோனதன் ஃப்ரிட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. கனடாவில் பிறந்து ஷேக்ஸ்பியர் நாடகங்களில் தேறிய மனிதர். சில வாரங்களுக்கென்று வந்தவர் கடைசி வரை இருந்தார். வசனம் மறந்து அவர் கண்கள் தேடுகிற தேடலைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். 170 வருஷம் பெட்டிக்குள் கிடந்தவன் வேறு எப்படிப் பார்ப்பான்? தினம் ஓர் எபிசோட், திரும்ப எடுக்கக் காசும் கிடையாது, நேரமும் கிடையாது. மைக் தெரிகிறது, சுவர் ஆடுகிறது என்று எண்ணிக்கொண்டே பார்ப்பவர்களுக்குத் தெருக்கூத்து பார்க்கிறபோதும் கண் பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேல்தான் இருக்கும்.

ஆனால் என் சண்டை வேறு. பர்னபாஸ் வந்தது தப்பில்லை. அவர் வந்த பிறகு விக்டோரியாவை மறந்தார்களே, அதுதான் தப்பு.

ஆரம்பத்தில் ஒவ்வொரு எபிசோடும் அவள் குரலில்தான் தொடங்கும். தன் பெயரைச் சொல்லிவிட்டுக் கதைக்குள் நம்மைக் கூட்டிப் போவாள். 1967 நவம்பரில் ஓர் ஆவி அழைப்பில் அவள் 1795-க்குத் தூக்கி எறியப்படுகிறாள். தொடரின் மிகச் சிறந்த பகுதி இது என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஏஞ்சலிக் என்ற சூனியக்காரி (லாரா பார்க்கர், அடடா!) பர்னபாஸைச் சபித்த கதை அங்கே வருகிறது. ஆனால் அங்கிருந்து தொடக்கக் குரல் மற்ற நடிகர்களுக்குப் போய்விட்டது. விக்டோரியாவையோ சூனியக்காரி என்று தூக்கு மேடைக்கு அனுப்பினார்கள். அவள் பார்த்து நமக்குக் காட்டிய கதை, அவளைப் பார்த்து எல்லோரும் தலையில் அடித்துக்கொள்ளும் கதையாகிவிட்டது. எதுவும் புரியாமல் விழிக்கிறாள் என்று ரசிகர்கள் கேலி செய்கிறார்கள். அவளுக்குப் புரியவைக்க எழுதியவர்கள் ஒரு வரி எழுதியிருந்தால்தானே?

1968 கடைசியில் அலெக்சாண்ட்ரா மோல்ட்கி கர்ப்பமாக இருந்ததால் விலகினார். அவசரமாக அடுத்தடுத்து இரண்டு நடிகைகளைப் போட்டு, விக்டோரியாவைக் கடந்த காலத்துக்கே அனுப்பிக் கதையை முடித்தார்கள். அவள் யார் மகள்? எலிசபெத்தின் மகளாக இருக்கலாம் என்று ரசிகர்கள் காலங்காலமாக ஊகிக்கிறார்கள். தொடர் பதில் சொல்லவே இல்லை. 1225 எபிசோடில் அதற்கு ஐந்து நிமிஷம் கிடைக்கவில்லை.

அவள் இடத்துக்கு டீச்சராக யார் வந்தது தெரியுமா? மேகி! பர்னபாஸ் கடத்தி அடைத்து வைத்த அதே மேகி. டாக்டர் ஜூலியா மனோவசியம் செய்து அவள் நினைவையே அழித்துவிட்டாள், அதனால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. தன்னை வதைத்தவனைக் குடும்ப நண்பராக நினைத்து மரியாதையாகப் பேசுகிறாள். அதற்குள் பர்னபாஸ் கதாநாயகன் ஆகிவிட்டார், பாவம் சபிக்கப்பட்டவர் என்று நாமும் உச்சுக்கொட்டுகிறோம். மேகி மறந்ததற்கு மனோவசியம் காரணம். நாம் மறந்ததற்கு என்ன காரணம்?

மறுபடி எடுத்தவர்களும் இதையேதான் செய்தார்கள். 1991 தொடரில் முதல் எபிசோடிலேயே பர்னபாஸை வெளியே விட்டார்கள். விக்டோரியாவுக்கு ஜோசெட்டின் முகத்தைக் கொடுத்தார்கள். 2012-இல் டிம் பர்ட்டன் படத்திலும் அவளுக்கு அதே கதி, கூடவே மேகியையும் அவளையும் ஒரே ஆளாக்கிவிட்டார்கள். தான் யார் என்று தேடி ரயிலேறி வந்தவளுக்குக் கிடைத்த பதில், "நீ அவருடைய பழைய காதலி மாதிரி இருக்கிறாய்" என்பது. இதைவிட அவள் பதில் கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

டிவிடி போட்டவர்களையும் சும்மா விட முடியாது. வரிசையின் முதல் தொகுப்பே 210-இல்தான் தொடங்கியது. உண்மையான தொடக்கம் பிறகுதான் தனியாக வந்தது, ஏதோ இலவச இணைப்பு மாதிரி.

இப்போது ஓர் உண்மையைச் சொல்கிறேன். நானும் முதலில் 210-லிருந்துதான் பார்த்தேன். விக்டோரியாவை மக்கு என்று நானும் சிரித்தேன். நண்பர்களோடு சேர்ந்து அவள் மாதிரி பேசிக் காட்டியிருக்கிறேன். இரண்டு வருஷம் கழித்து, வேறு வேலை இல்லாத ஒரு விடுமுறையில், சும்மா முதல் எபிசோடைப் போட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்து தன் முகத்தையே கண்ணாடியில் பார்த்துக்கொண்டு வருகிற அந்தப் பெண்ணைக் கண்டதும் வெட்கமாகப் போய்விட்டது. ஒருவர் கதையைப் பாதியில் கேட்டுவிட்டு அவரை முட்டாள் என்றிருக்கிறேன். வாழ்க்கையிலும் இதை எத்தனை பேருக்குச் செய்தேனோ.

209 எபிசோட் என்றால் கிட்டத்தட்ட 76 மணி நேரம். அதிகம்தான். முழுதும் முடியாதவர்கள் முதல் ஐந்து, 70, 120களில் மேத்யூ கதை, லாரா கதை, 190 முதல் தொடர்ச்சியாக என்றாவது பாருங்கள். பேனாவைத் தாண்டிப் போங்கள், நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அறை நண்பனை மறுபடி முதலிலிருந்து உட்கார வைத்திருக்கிறேன். நேற்று ராத்திரி நாலாவது எபிசோட் முடிந்தது. தூங்கப் போகும்போது கேட்டான்: "டேய், அந்தப் பொண்ணோட அம்மா யாருன்னு கடைசில சொல்வாங்கல்ல?"

விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.