கேளிக்கைப் பூங்காவின் அடியில் இருந்த கடல்

ஒவ்வோராண்டும் மார்கழி முடிந்து தை பிறப்பதற்குள் தமிழில் ஒரே பயணக் கட்டுரையை நாலைந்து பேர் தனித்தனியாக எழுதிவிடுகிறார்கள். அயல்நாட்டில் பணிபுரியும் கட்டுரையாளர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை மனைவி, இரு குழந்தைகள் சகிதம் விமானம் ஏறுவார். இறங்கியதும் குளிர் முகத்தில் அறையும். சனிக்கிழமை முழுவதும் கேளிக்கைப் பூங்காவின் வரிசைகளில் கழியும். எந்த விளையாட்டுக்கு எத்தனை நிமிடம் காத்திருந்தோம் என்ற கணக்கு வரும். ஞாயிறன்று சைவ உணவு தேடி அலைந்த கதை வரும். கடைசிப் பத்தியில், இத்தனை ஆயிரம் பேர் வந்துபோன இடத்தில் ஒரு காகிதத் துண்டு கிடக்கவில்லையே, நம் ஜனங்களுக்கு இந்த ஒழுங்கு என்றைக்கு வரும் என்றொரு பெருமூச்சு. பாரிஸை எடுத்துவிட்டு ஹாங்காங் என்று போட்டாலும், ஹாங்காங்கை எடுத்துவிட்டு ஒர்லாண்டோ என்று போட்டாலும் கட்டுரைக்கு எந்தச் சேதமும் நேராது.

இவ்வகைக் கட்டுரைகளை நாங்கள் இதுவரை சிரித்துக் கடந்துவந்தோம். இம்முறை முடியவில்லை. எழுதியவர் எங்களில் ஒருவர். ஆம்பூரில் பிறந்து வளர்ந்தவர். போன இடம் டோக்கியோ டிஸ்னிலாந்து. கட்டுரை மோசமானதன்று. மைஹாமா நிலையத்தில் இறங்கியதும் விரிகுடாவிலிருந்து வீசும் ஊதற்காற்று, ஊர்வலம் வருவதற்கு வெகுநேரம் முன்பே தரையில் விரிப்பு விரித்து இடம்பிடித்து அமைதியாக அமர்ந்திருக்கும் குடும்பங்கள், கறி மசாலா மணக்கும் சோளப்பொரிக்கு நின்ற நீண்ட வரிசை என்று நல்ல அவதானிப்புகள் இருந்தன. ஆயினும் கடைசிப் பத்தியில் அதே பெருமூச்சு, இம்முறை ஊர்ப் பெயரோடு: ஜப்பானியர் இயல்பிலேயே தூய்மையானவர்கள், நம் பாலாற்றுக் கரைக்காரர்களுக்கு அது இரத்தத்திலேயே இல்லை. இந்த ஒரு வாக்கியத்தின் மேல் எங்களுக்குள் இரு வாரம் சண்டை நடந்தது. அவர் இசைவோடுதான் இதை எழுதுகிறோம். 'நாங்கள்' என்பதில் இப்போது அவரும் உண்டு.

முதலில் ஒன்று. குழந்தைகள் கோட்டையைப் பார்த்துக் குதித்ததை நாங்கள் பழிக்கவில்லை. ஏலகிரிக்குப் போய்ப் படகு விடுவதும் ஜப்பானுக்குப் போய் ராட்டினம் சுற்றுவதும் குழந்தைக்கு ஒன்றேதான். வெளிநாட்டுச் சுற்றுலாவே நுகர்வு மோகம் என்று முகம் சுளிக்கும் சிற்றிதழ்ப் பழக்கம் எங்களுக்கு இல்லை. எங்கள் புகார் எழுத்தின் மீது. ஒரு மக்கள் கூட்டத்தின் வரலாற்றை அவர்களது 'இரத்தத்தில்' தேடும் சோம்பலின் மீது.

அந்தப் பூங்கா எதன் மேல் நிற்கிறது? சிபா மாநிலத்து உராயாசு நகரில், கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தின் மேல். உராயாசு ஒரு மீனவர் ஊர். சிப்பியும் மட்டியும் அள்ளி, கடற்பாசி வளர்த்துப் பிழைத்த ஊர். பாசி எடுக்க அவர்கள் ஓட்டிய தட்டையடிச் சிறு படகுக்கு 'பெகா' என்று பெயர். நாவலாசிரியர் யமமோதோ ஷூகோரோ 1920களின் இறுதியில் அங்கே வாழ்ந்தவர். அந்த ஊரையும் அதன் மனிதர்களையும் வைத்து 1960இல் 'அவோபெகா மொனோகதாரி' என்ற கதைத்தொடரை எழுதினார். நீலப் பெகாவின் கதை என்று பொருள். அது எழுதப்பட்ட ஆண்டைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் அதற்கு இரண்டாண்டுகள் முன்பு அந்தக் கடலின் சாவு தொடங்கிவிட்டிருந்தது.

1958இல் எடோ ஆற்றங்கரையில் இருந்த ஹோன்ஷு காகித ஆலை கருநிறக் கழிவை ஆற்றில் விட்டது. முகத்துவாரத்தில் மீனும் சிப்பியும் செத்து மிதந்தன. மீனவர்கள் ஆலையிடம் கேட்டார்கள், அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். கழிவு நிற்கவில்லை. ஜூன் 10ஆம் நாள் நூற்றுக்கணக்கான உராயாசு மீனவர்கள் ஆலைக்குள் புகுந்தார்கள். காவல் படையோடு மோதல். பலர் காயமுற்றனர், சிலர் கைதாயினர். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானிய நாடாளுமன்றம் நீர்நிலைகளின் தரத்துக்கு ஒன்றும் ஆலைக் கழிவுக்கு ஒன்றுமாக இரு சட்டங்களை நிறைவேற்றியது. அந்நாட்டில் நீர் மாசுக்கென்று தேசிய அளவில் வந்த முதல் சட்டங்கள் அவை. எங்கள் நண்பர் வியந்த 'இயல்பான தூய்மை' ஓர் ஆலைக் கதவை உடைத்த கைகளிலிருந்து தொடங்கியது.

உடனே அந்த ஊரைப் புனிதமாக்கிவிட வேண்டாம். அச்சட்டங்கள் பல்லில்லாதவை. 1956இலேயே கண்டறியப்பட்ட மினமாட்டா நோய்க்குக் காரணமான பாதரசக் கழிவு 1968 வரை கடலில் கலந்துகொண்டுதான் இருந்தது. 1970இன் இறுதியில் 'மாசு நாடாளுமன்றம்' என்றே பெயர்பெற்ற கூட்டத்தொடரில் 14 சட்டங்களை ஒருசேர இயற்றிய பிறகுதான் நிலைமை திரும்பியது. உராயாசுவுக்கு அதுவும் காலங்கடந்த மருந்து. மீனவர்கள் 1962இல் மீன்பிடி உரிமையில் ஒரு பகுதியையும் 1971இல் முழுவதையும் இழப்பீடு பெற்றுக்கொண்டு விட்டுக்கொடுத்தார்கள். கடல் தூர்க்கப்பட்டது. சுமார் 4.4 சதுர கிலோமீட்டராக இருந்த ஊர் ஏறத்தாழ 17 சதுர கிலோமீட்டராகப் பெருத்தது. அந்தப் புதுநிலத்தில் 1983 ஏப்ரல் 15 அன்று டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் உராயாசுவின் தெருக்களில் மண் குழம்பாகிச் சேறு பீறிட்டது. புதைத்த கடல் ஒருமுறை எழுந்து பார்த்துவிட்டுப் போனது போல.

இதையெல்லாம் தெரிந்துகொள்ள ஜப்பானிய மொழி வேண்டியதில்லை. அதே நகரில் 2001இல் திறக்கப்பட்ட நகர அருங்காட்சியகம் இருக்கிறது. 1950களின் மீனவர் தெருவை வீடும் கடையும் வாய்க்காலும் படகுமாக அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளில் இரண்டு மணி நேரம் போதும். நண்பர் போகவில்லை. அப்படியொன்று இருப்பது அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தோன்றவும் இல்லை.

ஆம்பூர்க்காரருக்குத் தோன்றாமல் போனதே எங்களை உறுத்துகிறது. கருநீர், செத்த மீன், இழப்பீடு ஆகிய மூன்று சொற்களையும் தாய்ப்பாலோடு குடித்தவர்கள் நாங்கள்.

வேலூர் என்ற பெயர் சட்டக் கல்லூரி மாணவர்களிடையே எதற்காகப் புகழ்பெற்றது என்பது வேலூரில் பலருக்குத் தெரியாது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. நீதிபதி குல்தீப் சிங் எழுதியது. மாசுபடுத்துபவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்பதும், முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது அத்தீர்ப்பு. தோல் தொழிற்சாலைகள் சூழ்ந்த இப்பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழ்பட்டதை அது பதிவு செய்தது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த 35 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கும் அதில் உண்டு. ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். பிறகு அமைக்கப்பட்ட ஆணையம் 2001இல் சுமார் 29,000 பேருக்கு இழப்பீடு நிர்ணயித்தது. மொத்தத் தொகை 26 கோடிச் சொச்சம்.

வகுத்துப் பாருங்கள். தலைக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட வராது. கிணறு செத்த ஒரு விவசாயிக்குக் கிடைத்த அந்தத் தொகை, நால்வர் கொண்ட குடும்பம் டோக்கியோ டிஸ்னிலாந்தில் ஒரே ஒரு நாள் நுழைவதற்கு இன்று தர வேண்டிய சீட்டுக் காசுக்குப் போதாது. அன்றைய ரூபாய் வேறு, இன்றைய ரூபாய் வேறு என்று யாரேனும் கணக்கைத் திருத்தக்கூடும். திருத்தட்டும். அன்று நிர்ணயித்ததை அன்றே எல்லோருக்கும் கொடுத்திருந்தால் அந்த வாதம் நிற்கும். இழப்பீடு வந்துசேராதவர்களுக்கு அதை வழங்கவும், அரசு அத்தொகையைத் தொழிற்சாலைகளிடம் வசூலிக்கவும், பாலாற்றை மீட்க ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட்டது 2025 ஜனவரி 30 அன்று. வழக்குத் தொடுத்தவர்களுக்கு அது 34ஆம் ஆண்டு. ஒரு தலைமுறைக் காலம் நீதிமன்றப் படியேறிய மக்களைப் பார்த்து இரத்தத்தில் தூய்மை இல்லை என்று எழுதுவது வெறும் மேம்போக்கு என்றால் போதாது, அவதூறு.

குளிர்கால வார இறுதி என்றதும் எங்கள் பகுதிக்கு நினைவுக்கு வர வேண்டிய நாள் வேறொன்று. 2015 ஜனவரி 31, சனிக்கிழமை, விடியாத இருட்டு. ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகிலிருந்த தோல் தொழிற்சாலையில் படுத்திருந்த 10 தொழிலாளர்களைக் கழிவுச் சேறு மூடிக் கொன்றது. பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். அவர்களும் ஊர்விட்டு ஊர் வந்த பயணிகள்தாம். நம் பயண இலக்கியத்தில் அவர்களுக்கு இடமில்லை.

இப்போது எதிர்ப்புறத்திலிருந்து வரும் கேள்வி, நியாயமானது. தோல்தான் எங்களுக்குச் சோறு போட்டது. நண்பரைப் படிக்கவைத்ததும் அதுதான். காலையில் ஆம்பூர் சாலையில் நின்றால் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஷூ கம்பெனிகளுக்குப் பெண்களை ஏற்றிவரும் வண்டிகள் வரிசையாக வரும். அந்தச் சம்பளம் இல்லாவிட்டால் எத்தனை வீட்டில் அடுப்பெரியாது என்று எங்களுக்குத் தெரியும். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்ததும், கழிவுநீரை வெளியே விடாமல் மீட்டெடுக்கும் ஏற்பாடுகள் வந்ததும் மெய். அதில் மிஞ்சும் உப்பை எங்கே கொட்டுவது என்பது இன்னும் விடுகதையாக இருப்பதும் மெய். ஆலைகளை மூடு என்று நாங்கள் கோஷம் போடவில்லை. உராயாசு மீனவர்களும் காகிதமே வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதே சமயம், இழிவு எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதைப் பேசாமல் தோலைப் பேச முடியாது. டோக்கியோவின் சுமிதா வட்டத்தில் பன்றித்தோல் பதனிடும் பட்டறைகள் இருக்கின்றன, பூங்காவிலிருந்து வெகுதூரமில்லை. ஜப்பானிலும் தோல் வேலை புராகு மக்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் தலையில் கட்டப்பட்டிருந்தது. இங்கே தலித்துகளின் தலையில். ஆம்பூரிலிருந்து போன ஒருவர் அந்தத் தெருவில் நடந்திருந்தால் மூக்கே வழிகாட்டியிருக்கும். 'தூய்மை' என்ற சொல்லை அதன்பிறகு இத்தனை அலட்சியமாக எழுதக் கை வந்திருக்காது. அந்தச் சொல்லுக்கு நம் ஊரில் இருக்கும் இரண்டாவது பொருளை நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

பயணக் கட்டுரை தமிழில் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1930களில் ஜப்பானுக்குப் புகைப்படக் கலை பயிலப் போன ஏ.கே. செட்டியாருக்குச் சாதாரண மனிதர்கள் மேல் இருந்த ஆர்வம் அலுக்கவே இல்லை. தி. ஜானகிராமன் ஜப்பான் போய்வந்து 'உதயசூரியன்' எழுதினார். அதே ஜானகிராமன்தான் சிட்டியோடு சேர்ந்து காவிரிக் கரை நெடுகப் போய் 'நடந்தாய் வாழி காவேரி'யையும் தந்தார். அயல்நாட்டைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்குத் தன் ஆற்றையும் பார்க்கத் தெரிந்திருந்தது. திண்டுக்கல் தோல் தொழிலாளர்களுக்கு டி. செல்வராஜின் 'தோல்' வாய்த்தது. 2012இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. பேரணாம்பட்டிலிருந்து அழகிய பெரியவன் எழுதிவருகிறார். புனைவில் ஆள் இருக்கிறது. பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள்தாம் சோளப்பொரி வரிசையில் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

நண்பர் தம் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். விரிகுடாக் காற்றும் சோளப்பொரியும் அப்படியே இருக்கட்டும், கடைசிப் பத்தியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றோம். எடுத்தால் கட்டுரையே நிற்கவில்லை என்கிறார். உண்மைதான் போலும். அடுத்த விடுமுறைக்கு அவர் ஊருக்கு வரும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர் வரை பாலாற்று மணலிலேயே நடப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். குழந்தைகளும் வருகிறார்கள். 2021 வெள்ளம் போன பிறகு கரை எப்படி இருக்கிறதென்று பார்க்க வேண்டும், மாராபட்டுப் பாலத்தடியில் நுரை இருந்தால் அதையும். வர விரும்புகிறவர்கள் வெயிலுக்கு முன் வந்துவிடுங்கள். காலுக்கு நல்ல செருப்பு அவசியம். எங்கே செய்தது என்று உள்ளே திருப்பிப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.