கார் சூடு முள் ஏறி இறங்குகிறதா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்!

ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து தக்காளி விவசாயி ஒருவர் கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது 12 வருடப் பழைய பெட்ரோல் கார். வீட்டு ஆத்திர அவசரத்துக்கும், சந்தைக்கு நாலு கூடை ஏற்றிப்போகவும் அது ஒன்றுதான். இரண்டு மாதமாக இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஓரிடத்தில் நிற்பதில்லை. மேடு ஏறினால் சிவப்புக் கோடு வரை போகிறது. சில நேரம் சடாரென்று கீழே விழுந்துவிடுகிறது. சென்சாரை மாற்றியும் சரியாகவில்லை. ‘தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிட்டால் சரியாகிவிடும்’ என்கிறாராம் மெக்கானிக். செய்யலாமா என்பது கேள்வி. கடிதத்தின் கடைசியில், வாரத்துக்கு ஒரு லிட்டர் போர்வெல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருக்கிறார்.

விடை அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. கார் இன்ஜினில் சுற்றும் தண்ணீர், மூடிய பாதையில் ஓடுவது. நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு மாதக்கணக்கில் ஊற்றவே தேவையிருக்காது. வாரம் ஒரு லிட்டர் குறைகிறது என்றால், எங்கோ ஒழுகுகிறது. தண்ணீர் குறைந்த இடத்தில் காற்று புகுந்துகொள்ளும். சென்சார் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியான சூட்டைச் சொல்லும். அதைச் சுற்றிக் காற்று நின்றுவிட்டால், இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தாலும் முள் இறங்கிவிடும். அதனால், ஏறுகிற முள்ளைவிட மேட்டில் சடாரென்று இறங்குகிற முள்ளுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். ‘அப்பாடா, சூடு குறைந்துவிட்டது’ என்று தொடர்ந்து ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய்விடும். ஒரு ஹோஸ் கிளாம்ப்பில் முடியவேண்டிய வேலை, இன்ஜினைப் பிரிக்கும் வேலையாகிவிடும்.

எனவே முதல் வேலை ஒழுகலைத் தேடுவது. ராத்திரி வண்டியை நிறுத்தும்போது அடியில் பழைய அட்டையை விரித்துவைத்தால், காலையில் சொட்டிய இடம் தெரியும். (ஏ.சி. போட்டு ஓட்டியிருந்தால் தெளிந்த தண்ணீர் சொட்டுவது இயல்பு. அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.) ஹோஸ் மாட்டும் இடங்கள், வாட்டர் பம்ப்பின் அடிப்பக்கம், ரேடியேட்டர் ஓரங்களில் வெள்ளையாகவோ, பச்சையாகவோ காய்ந்த உப்புத் தடம் இருந்தால் அங்கேதான் கசிகிறது. ஹீட்டர் உள்ள வண்டியில் முன்சீட்டுக் கால்மிதி ஈரமாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வெளியே எங்கும் தடயம் இல்லை, ஆனால் ஆயில் மட்டும் பால் கலந்த காபிபோல இருக்கிறது, அல்லது சைலன்சரில் வெள்ளைப்புகை நிற்காமல் வருகிறது என்றால் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்புண்டு. அந்த நிலையில் வண்டியை ஓட்டாமல் பட்டறைக்கு இழுத்துப்போவதே நல்லது.

ரேடியேட்டர் மூடியைப் பலர் கண்டுகொள்வதில்லை. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான், 100 டிகிரியில் கொதிக்கவேண்டிய தண்ணீர் 118 டிகிரி வாக்கில் கொதிக்கிறது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் தண்ணீர் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும். விலை குறைந்த பொருள்தான். சந்தேகம் இருந்தால் மாற்றிவிடலாம்.

போர்வெல் தண்ணீரால் வரும் தொல்லை தனி. வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து அடைத்துக்கொள்ளும். சமதளத்தில் ஒழுங்காக ஓடி, மேட்டிலும் பாரத்திலும் மட்டும் சூடேறினால் இந்த அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். ரேடியேட்டரைப் பட்டறையில் கொடுத்துச் சுத்தம் செய்வது நல்லது. வீட்டில் ஆசிட் ஊற்றிக் கழுவினால் அலுமினிய பாகங்கள் அரித்துப்போகும். வெளிப்பக்கம் வைக்கோல் தூசி அடைத்திருந்தால், இன்ஜின் பக்கமிருந்து வெளிநோக்கி மெதுவாகத் தண்ணீர் பீய்ச்சினால் போதும்.

முள் ஆடும் விதமும் குறிப்புக் கொடுக்கும். நின்றால் ஏறி, ஓடினால் இறங்குகிறது என்றால் ஃபேன், அதன் ஃபியூஸ், ரிலே ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கண்ணிமைக்கும் நேரத்தில் மேலும் கீழும் துள்ளினால் அது வயர் கோளாறு, எர்த் சரியில்லை. தண்ணீர் அவ்வளவு வேகத்தில் சூடாகி ஆறாது. வேகமாகப் போனால் முள் மெதுவாக இறங்கிக் கீழேயே கிடந்தால், வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த வால்வைக் கழற்றி எறிவது மருந்து அல்ல. பெரும்பாலான கார்களில் அது 80 முதல் 90 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும். அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். சந்தேகம் இருந்தால் கழற்றி, சமையலுக்குப் பயன்படுத்தாத பாத்திரத்தில் தண்ணீரோடு அடுப்பில் வைத்துப் பார்க்கலாம். தண்ணீர் கொதிப்பதற்குள் வாய் திறக்க வேண்டும். திறக்கவில்லை என்றால் புதியது வாங்கி மாட்ட வேண்டும்.

ஒழுகலை அடைத்தபிறகு போர்வெல் தண்ணீரை முழுவதும் வடித்துவிட்டு, அந்த வண்டிக்குச் சொல்லப்பட்ட கூலன்ட்டை நிரப்ப வேண்டும். கலக்காத கூலன்ட் என்றால், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைப் பாதிக்குப் பாதி சேர்க்கலாம். பேட்டரி ஆசிட் வேறு. கேன் மாறிவிடக் கூடாது. இன்ஜின் ஆறியிருக்கும்போது, வண்டியின் முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்தி, மூடியைத் திறந்துவைத்து நிரப்பி, ஸ்டார்ட் செய்து விட்டால் காற்று குமிழியாக வெளியேறும். குமிழி நின்றதும் குறைந்த அளவை நிரப்பி மூட வேண்டும். முகத்தை அருகே கொண்டுபோகக் கூடாது.

வழியில் முள் சிவப்பைத் தொட்டால் ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆறவிட்டு, மேல் ஹோஸ் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபிறகு, துணி போட்டு மெல்லத் திருக வேண்டும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் ஹெட் விரிசல் விடலாம்.

வடித்த பழைய கூலன்ட்டை வாசலிலோ, தொழுவத்துப் பக்கமோ ஊற்றக் கூடாது. அது இனிப்பாக இருக்கும். நாயும் கன்றுக்குட்டியும் நக்கிக் குடித்தால் சிறுநீரகம் கெட்டு இறந்துபோகும். மூடியுள்ள கேனில் பிடித்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, பட்டறையில் ஒப்படைத்துவிடலாம்.