நாற்காலிக்கு வந்த மெயில்

பேங்க்ல குப்பை கொட்டுற பி.காம் ஆளுக்கு மெயில் சர்வரைப் பத்தி என்னய்யா பேச்சுன்னு கேப்பீங்க. இது கணக்கு சமாச்சாரம்ங்க, அதான்.

எங்க தொழில்ல சில வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டியைக் கட்டணும் (எனக்கு இப்போ நாக்பூர்). ஆள் போனாலும் நாற்காலி அங்கேயேதான் இருக்கும். கஸ்டமர் எழுதுறது நாற்காலிக்குத்தான். கிளை மேலாளர்னு பேர் போட்ட மெயில் முகவரிக்குப் பின்னால தனியா பெட்டி கிடையாது, அது வெறும் ஏலியஸ். இன்னிக்கு யார் பெட்டியில போய் விழணும்ங்கிறது நெட்வொர்க் டைரக்டரிங்கிற பொதுப் பேரேட்டுல ஒரே ஒரு வரி.

அந்த வரியை யாரும் மாத்தலேன்னா? ஒரு கிளையில பார்த்தேன். கணவர் போனப்புறம் குடும்ப பென்ஷனுக்காக ஒரு அம்மா மூணு மாசமா மெயில் அனுப்பிட்டே இருந்திருக்காங்க. அத்தனையும் ரிட்டயர் ஆன அதிகாரியோட பெட்டிக்கு. பெட்டியை மூடியிருந்தா மெயிலாவது திரும்பி வந்திருக்கும். திறந்தே கிடந்ததால சத்தமே இல்லை. அவங்க பாஸ்புக்கோட நேர்ல வந்து நின்னப்பதான் விஷயம் தெரிஞ்சது.

என் கட்சி இதுதான்: ஏலியஸ் பட்டியலையும் மாசாமாசம் டேலி பண்ணணும், சஸ்பென்ஸ் அக்கவுண்ட் மாதிரி. அதுக்குக் கறுப்புத் திரைதான் சரி. மவுஸால ஒரு பேரை மாத்தலாம், தப்பில்லை. எண்ணூறு பேரைச் சரிபார்க்க முடியுமா? எல்டாப்சர்ச்னு ஒரு வரி அடிச்சா மொத்தமும் டெக்ஸ்ட் ஃபைலா வந்துடும். பக்கத்துல ஹெச்ஆர் போஸ்டிங் லிஸ்ட்டை வெச்சு டிக் அடிக்க வேண்டியதுதான்.

சன் கம்பெனியோட சொலாரிஸ்ல நிஸ் பிளஸ்னு ஒரு டைரக்டரி இருந்தது. அதுல இந்த வேலைக்குன்னே ஏலியஸ்அட்ம்னு ஒரு கட்டளை. மைனஸ் ஏ போட்டா சேர்க்கும், மைனஸ் டி நீக்கும், மைனஸ் எல் முழுப் பட்டியலையும் காட்டும். அந்த அட்டவணையில குறிப்பு எழுதவே தனியா ஒரு பத்தி உண்டு! யார் சொல்லி மாத்தினோம்னு அங்கேயே எழுதிடலாம். வவுச்சர்ல நரேஷன் எழுதிப் பழகின எனக்கு அதைக் கும்பிடத் தோணுது. 2011ல சொலாரிஸ் 11 வந்தப்போ நிஸ் பிளஸ்ஸைத் தூக்கிட்டாங்க. இன்னிக்கு ஆக்டிவ் டைரக்டரியில எஸ்எம்டிபின்னு பெரிய எழுத்துல இருந்தா முதன்மை முகவரி, சின்ன எழுத்துல இருந்தா ஏலியஸ். எல்லாம் ஒரு ஷிஃப்ட் கீ வித்தியாசம் :-)

கட்டளையில ஒரு எழுத்து பிசகினா மொத்தமும் போயிடுமேன்னு கேக்கறது நியாயம்தான். அதுக்குத்தானே மேக்கர், செக்கர்னு ரெண்டு பேரை வெச்சிருக்கோம்? ஒருத்தர் எழுதட்டும், இன்னொருத்தர் படிச்சுப் பார்த்து என்டர் தட்டட்டும்.

கிளையை விட்டு ரிலீவ் ஆகும்போது லாக்கர் சாவி, ஸ்ட்ராங் ரூம் சாவி எல்லாம் எண்ணிக் கையெழுத்து வாங்குறோம். அந்தப் பட்டியல்ல இந்த ஏலியஸ் வரியையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டுட்டிருக்கேன். கம்ப்யூட்டர் பிரிவு ஹெச்ஆரைக் கை காட்டுது, ஹெச்ஆர் கம்ப்யூட்டர் பிரிவைக் கை காட்டுது.