மனநல வைத்தியம் மலையேறி வரட்டும்!

வளப்பூர் நாட்டு விவசாயப் பெருமக்களே! தாய்மார்களே!

காய்ச்சல்னா ஆஸ்பத்திரி. மனசு கெட்டுப்போனா மந்திரிக்கக் கூட்டிப்போகிறோம். இது அறியாமை மட்டுந்தானா? இல்லை, செலவுக் கணக்கும் இருக்கு.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம்தான். ஆனால் 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல் போகணும். நோயாளிக்கும் துணைக்கும் பஸ் சார்ஜ், சாப்பாடு. ரெண்டு பேர் கூலியும் போச்சு. வைத்தியத்துக்கும் போய்வரவும் ஒரு குடும்பத்துக்கு மாதம் 1000 முதல் 1500 ரூபாய் ஆகிறது என்று 2015-16 தேசிய மனநல ஆய்வே சொன்னது. காசுள்ளவன் காரில் போய் தனியார் டாக்டரைப் பார்க்கிறான். நாம் மிளகைக் கொடியிலேயே விலை பேசுகிறோம். கையில் காசு தீர்ந்ததும் மாத்திரையும் நிற்குது, நோய் திரும்புது.

வைத்தியம் எட்டாத இடத்தில்தான் சங்கிலி நுழைகிறது. 2001 ஆகஸ்ட் 6-ல் ஏர்வாடி தீயில் 28 பேர் மாண்டதை மறந்துட்டோமா? சங்கிலியில் கிடந்தவர்கள் ஓடித் தப்பவும் முடியவில்லையே!

2017 மனநலச் சட்டம் 18-வது பிரிவு என்ன சொல்லுது? வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு, அட்டை இல்லாவிட்டாலும், அரசு மனநல சிகிச்சை இலவசம். சிகிச்சை இலவசம், சரி. பஸ் செலவும் போன கூலியும் யார் தருவது?

நாம் கேட்பது:

* மனநல டாக்டர் மாதம் ஒருநாள் வளப்பூர் நாட்டுக்கு வரணும்.
* மலைமேல் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாத்திரை தட்டாமல் கிடைக்கணும்.
* நோயாளிக்கும் துணைக்கும் இலவச பஸ் பாஸ் வேணும்.

மனசு தாங்கலைன்னா, மருந்து டப்பாவைத் தொடாதீங்க. 14416-க்கு போன் போடுங்க. காசில்லை, தமிழிலேயே பேசலாம்.

சலுகை கேட்கவில்லை, சட்டத்தைக் கேட்கிறோம். ஊர் கூடி வாங்க!