கெட்டி அரிசி ஏற்றிய "தனியார்" கம்பெனி

லாவோஸ் நாட்டு மலைகளில் 1960-களில் ஒரு ஆகாய விமானக் கம்பெனி அரிசி போட்டது. சாக்குக்குள் சாக்காக இரண்டு மூன்று வைத்துத் தைத்து, பாராசூட் கூட இல்லாமல் மேலிருந்து உருட்டி விடுவார்கள். கீழே ஹ்மாங் மலைஜாதி மக்கள் ஓடி வந்து எடுத்துக்கொள்வார்கள். அரிசி வானத்தில் விளைவதாகவே அங்குள்ள குழந்தைகள் நினைத்தனவாம்!

தர்மப் பிரபுக்கள் என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் அதே விமானிகளின் பேச்சில் "கெட்டி அரிசி" என்று இன்னொரு சரக்கும் உண்டு. கெட்டி அரிசி என்றால் துப்பாக்கி ரவை, பீரங்கிக் குண்டு!

கம்பெனியின் பெயர் ஏர் அமெரிக்கா. பதிவேட்டைப் புரட்டினால் சுத்தமான தனியார் கம்பெனி. டைரக்டர்கள் உண்டு, பங்கு உண்டு, கணக்குப் புத்தகம் உண்டு. முதலாளி யார்? அமெரிக்க ஒற்றர் ஸ்தாபனமான சி.ஐ.ஏ! 1946-ல் செனால்ட், வில்லாயர் என்ற இரு அமெரிக்கர்கள் சீனாவில் தொடங்கிய கம்பெனி இது. 1950-ல் சி.ஐ.ஏ. இதை ரகசியமாக வாங்கிற்று. 1959-ல் பெயரை மாற்றிற்று.

பெயர் மாறுமுன்பே இதன் கைவரிசை தொடங்கிவிட்டது. 1954-ல் வியத்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை முற்றுகையில் சிக்கியது. அமெரிக்க விமானப்படையின் விமானங்களுக்குப் பிரெஞ்சு அடையாளம் பூசி, இந்தக் கம்பெனி விமானிகளை வைத்து ஓட்டினார்கள். மே 6-ம் தேதி அப்படி ஒரு விமானம் சுடப்பட்டு விழுந்தது. மறுநாளே முற்றுகையிடப்பட்ட கோட்டையும் விழுந்தது. செத்தவர்கள் மக்கவர்ன், பூஃபோர்ட் என்ற இரு அமெரிக்க விமானிகள். ஆனால் அமெரிக்கா அந்த யுத்தத்திலேயே இல்லை என்பதுதான் உலகுக்குச் சொன்ன கதை! உயிரோடு எஞ்சிய விமானிகளுக்குப் பிரெஞ்சு சர்க்கார் பதக்கம் கொடுத்தது 2005-ல்.

ராணுவம் இருக்கையில் கம்பெனி எதற்கு? 1962-ல் ஜெனிவாவில் 14 நாடுகள் கையெழுத்திட்டன. லாவோஸ் நடுநிலை நாடு, அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்பது ஒப்பந்தம். மேற்பார்வைக் கமிஷனுக்கு நமது இந்தியாதான் தலைமை. அமெரிக்க ராணுவத்தார் அறுநூற்றுச் சொச்சம் பேர் கமிஷன் கண்முன்னே வெளியேறினார்கள். வட வியத்நாம் படைகளும் முழுதாக வெளியேறவில்லை. அதை மறைக்கும் அவசியம் நமக்கில்லை. ஆனால் அமெரிக்கா காட்டிய வித்தை தனி ரகம். சீருடை போயிற்று, கம்பெனித் தொப்பி வந்தது! வாங் பாவ் என்ற தளபதியின் கீழ் சி.ஐ.ஏ. திரட்டிய ஹ்மாங் படைக்கு ஆள், ஆயுதம், சோறு எல்லாம் இந்த "தனியார்" விமானத்தில்தான் போயின. அபினும் ஏறியது என்று 1972-ல் மக்காய் என்ற ஆராய்ச்சியாளர் எழுதினார், சி.ஐ.ஏ. மறுத்தது. அந்த வழக்கு இருக்கட்டும், ரவையே போதும்.

போ பாதி என்ற மலையுச்சியில் வெடிகுண்டு விமானங்களுக்கு வழிகாட்ட ஒரு ரேடார் வைத்தார்கள். அதை இயக்கிய விமானப்படை ஆட்களைக் காகிதத்தில் பணிநீக்கம் செய்து, லாக்ஹீட் கம்பெனி ஊழியர்களாக்கி அனுப்பினார்கள். 1968 மார்ச்சில் அந்த மலை வீழ்ந்தது. எஞ்சியவர்களைத் தூக்கி வந்தது ஏர் அமெரிக்காவின் ஹெலிகாப்டர். எல்லாம் தனியார் மயம்!

1964 முதல் 1973 வரை லாவோசின் மீது அமெரிக்க விமானப்படை போட்டது இருபது லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குண்டு. 2016-ல் வியந்தியான் நகருக்கு வந்த ஒபாமா தம் வாயாலேயே இதை ஒப்புக்கொண்டார். வெடிக்காத குண்டுகள் இன்றும் வயலில் கிடக்கின்றன. மண்வெட்டி பட்டால் விவசாயியின் கை போகிறது, கால் போகிறது. ஹ்மாங் மக்கள் கதி? 1975 மே மாதம் வாங் பாவும் சில ஆயிரம் பேரும் விமானமேறினார்கள். பல்லாயிரம் பேர் கைவிடப்பட்டு மீகாங் ஆற்றை நோக்கி ஓடினார்கள். கம்பெனி 1976-ல் கடையைக் கட்டிற்று.

தோழர்களே, ஆலை வாசலில் நாம் கேட்டுப் பழகிய பேச்சு ஒன்று உண்டு: "நீ எங்கள் ஆள் அல்ல, கண்டிராக்டர் ஆள்." அதே பேச்சை ஏர் அமெரிக்காவின் ஊழியர்களும் கேட்டார்கள். சர்க்கார் வேலைதானே செய்தோம், பென்ஷன் கொடு என்றார்கள். கம்பெனி சி.ஐ.ஏ.யுடையது என்பது அப்போது ஊரறிந்த விஷயம். ஆனாலும் உங்களுக்கு சர்க்கார் நியமனம் இல்லையே என்று 1987-ல் மேல் நீதிமன்றம் கையை விரித்தது. குண்டுக்கு நடுவே பறக்கும்போது யாரும் நியமன உத்தரவு கேட்கவில்லை!

இது பழங்கதை என்று யாரும் எண்ண வேண்டாம். 2004 நவம்பர் 27. ஆப்கானிஸ்தானத்தில் பக்ராமிலிருந்து ஃபராவுக்குப் புறப்பட்ட சிறு விமானம் மலையில் மோதியது. பிளாக்வாட்டர் கோஷ்டியைச் சேர்ந்த பிரசிடென்ஷியல் ஏர்வேஸ் என்ற தனியார் கம்பெனியின் விமானம் அது. விமான ஊழியர் மூவர், அமெரிக்க சிப்பாய்கள் மூவர் மாண்டனர். ஒரு சிப்பாய் குறைந்தது எட்டு மணி நேரம் உயிரோடு கிடந்தார் என்று விசாரணை சொல்கிறது. விமானம் எங்கே போயிற்று என்று கண்காணிக்க அந்தக் கம்பெனியிடம் சரியான ஏற்பாடு கிடையாது.

சிப்பாய்களின் குடும்பத்தார் வழக்குப் போட்டார்கள். கம்பெனி என்ன வாதாடியது தெரியுமா? "நாங்கள் ராணுவத்தோடு சேர்த்தி, ராணுவத்தின் மீது வழக்குப் போட முடியாதது போல எங்கள் மீதும் போட முடியாது!" ஊழியன் பென்ஷன் கேட்டால் தனியார், செத்தவன் குடும்பம் நஷ்டஈடு கேட்டால் ராணுவம்! இந்த வாதத்தை மேல் நீதிமன்றம் 2007 அக்டோபரில் ஏற்க மறுத்தது. வழக்கு நடக்கலாம் என்ற அந்த ஒரு வார்த்தையைக் கறப்பதற்கே அந்தக் குடும்பங்களுக்கு ஏறக்குறைய மூன்று வருஷம் பிடித்தது.